உலோகத்தின் இடத்தில் பிளாஸ்டிக்!

ஹைட்ரஜன் மின்கலத்தில் நடக்கும் மாற்றமும், வாலாஜா வட்டாரம் கற்ற பாடமும்

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. சென்னை ராயபுரத்திலிருந்து ஒரு ரெயில் புறப்பட்டது. சுமார் 100 கிலோ மீட்டர் ஓடி, வாலாஜா ரோடு நிலையத்தில் வந்து நின்றது. தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய முதல் ரெயில் அதுதான்.

அந்த ரெயிலை இழுத்தது நீராவி யந்திரம். நெருப்பு தண்ணீரைக் கொதிக்க வைத்தது. ஆவி சக்கரத்தை உருட்டியது. கொதிகலன் இரும்பு, சக்கரம் இரும்பு, தண்டவாளம் இரும்பு. இரும்பு இல்லாமல் ரெயில் இல்லை என்ற காலம் அது.

169 ஆண்டுகள் சென்றன. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னை பெரம்பூரில் உள்ள ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் வேறொரு வகை ரெயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. அதில் அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. ஹைட்ரஜன் வாயு உள்ளே போகிறது. மின்சாரம் பிறக்கிறது. மிச்சமாக வெளியே வருவது தண்ணீர். பழைய ரெயில் தண்ணீரைக் குடித்தது. புதிய ரெயில் தண்ணீரைத் தருகிறது!

அரியானா மாநிலத்தில் ஜிந்த் - சோனிபட் பாதைக்கென்று உருவாக்கப்பட்ட ரெயில் இது. மொத்தம் 10 பெட்டிகள். மின்சாரம் தருபவை 2. பயணிகள் அமர்பவை 8.

இந்த அற்புதத்தைச் செய்யும் கருவிக்கு "எரிபொருள் மின்கலம்" என்று பெயர். உலகெங்கும் இத்தகைய மின்கலங்களுக்குள் ஒரு மாற்றம் நடந்து வருகிறது. இரும்பு, எவர்சில்வர், அலுமினியம் ஆகிய உலோகங்கள் இருந்த பல இடங்களில் பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

ரெயிலை ஓட்டும் கருவியில் பிளாஸ்டிக்கா? சந்தையில் விற்கும் குடமும் வாளியும் போலவா? உறுதி என்ன ஆவது? இப்படிக் கேட்கத் தோன்றும். விடை விந்தையானது. அதைப் புரிந்துகொள்ள வாலாஜாபேட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது!

மின்கலம் என்பது என்ன?

டார்ச் விளக்கில் போடும் பாட்டரியை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் அடைத்துவைத்த மருந்து தீர்ந்தால் பாட்டரியும் தீர்ந்தது. எரிபொருள் மின்கலம் அப்படித் தீர்வதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜனையும் மறு பக்கம் காற்றையும் அனுப்பிக்கொண்டே இருந்தால், அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும்.

இதன் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஹைட்ரஜன் அணு இந்தச் சவ்வை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி சவ்வுக்குள் புகுந்து மறு பக்கம் போகிறது. இன்னொரு பகுதியான எலக்ட்ரானைச் சவ்வு விடுவதில்லை. அது கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அப்படிச் சுற்றிப் போகும் எலக்ட்ரான்களின் ஓட்டமே மின்சாரம். மறு பக்கத்தில் எல்லாம் மீண்டும் சந்திக்கின்றன. காற்றிலுள்ள பிராண வாயுவுடன் சேர்ந்து தண்ணீர் ஆகின்றன.

வில்லியம் குரோவ் என்ற விஞ்ஞானி 1839-ம் ஆண்டிலேயே இதைக் காட்டிவிட்டார். ஆனால் நூறாண்டுக்கு மேல் அது ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. 1965-ல் அமெரிக்காவின் ஜெமினி-5 விண்கலம் இதைச் சுமந்துகொண்டு வானில் சென்றது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ வீரர்கள், மின்கலம் தந்த தண்ணீரையே குடித்தார்கள்.

ஒரு மின்கலம் வேலை செய்யும்போது தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே தோசைகளை அடுக்குவது போல நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கவேண்டும். ஜப்பானில் 2014-ல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் 370 மின்கலங்கள் அடுக்கப்பட்டிருந்தன.

ஊறுகாய் ஜாடி சொல்லும் உண்மை

அம்மா ஊறுகாயை எதில் போட்டு வைக்கிறார்? பீங்கான் ஜாடியில். பித்தளைப் பாத்திரத்தில் வைப்பாரா? மாட்டார். புளிப்புப் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய பண்டம் உடம்புக்கு ஆகாது. அதனால்தான் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

மின்கலத்துக்குள் நடப்பதும் இதுதான். அங்கே உள்ள சவ்வு அமிலத் தன்மை கொண்டது. எப்போதும் ஈரமாக இருக்கும். சூடு சுமார் 80 டிகிரி. புளிப்பு, ஈரம், சூடு - மூன்றும் சேர்ந்தால் எந்த உலோகம் தாங்கும்? இரும்பு கரையும். எவர்சில்வரே சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் ஈரத்தில் கலந்து சவ்வை நோக்கிப் போகும்.

தோலுக்கு நண்பன், மின்கலத்துக்குப் பகைவன்

எவர்சில்வரில் என்னென்ன இருக்கின்றன? வீட்டுப் பாத்திரங்களுக்குப் பயன்படும் நல்ல ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். மீதியில் பெரும்பகுதி இரும்பு.

குரோமியம்! வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இந்தப் பெயரை அறியாதவர் யார்? தோல் பதனிடும் தொழிலுக்கு உயிர்நாடி அது. பச்சைத் தோலில் குரோமிய உப்பைச் சேர்த்தால் தோல் அழுகாது. குரோமியம் ஏறிய தோல் நீல நிறமாக மாறும். "வெட் புளூ" என்று தொழிலாளர்கள் சொல்வது இதைத்தான்.

தோல் ஏன் அழுகுவதில்லை? குரோமியம் தோலின் நாரைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடியை எளிதில் விடுவதில்லை. இந்த உடும்புப் பிடிதான் தோலைக் காப்பாற்றுகிறது.

மின்கலத்திலோ அதே குணம் கெடுதல் செய்கிறது. சவ்வுக்குள் ஹைட்ரஜன் ஏறி இறங்கிச் செல்வதற்கென்று இடங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் உள்ள ஆசனங்கள் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் உட்காரும், எழுந்து போகும். அடுத்தது வந்து உட்காரும். உலோகத் துகள் வந்தாலோ, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது! ஆசனங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிவிடும். ஹைட்ரஜனுக்கு வழி குறையும். மின்சாரமும் குறையும். இரும்புத் துகள் இன்னும் பொல்லாதது. சவ்வையே அரித்துப் போடும் வேதி மாற்றத்தை அது தூண்டிவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சூட்டைத் தணிக்க மின்கல அடுக்குக்குள் தண்ணீர் ஓடுகிறது. இந்தத் தண்ணீர் மிகச் சுத்தமாக இருந்தால்தான் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் குழாய் கரைந்து அதில் கலந்தால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியும்.

இதனால்தான் பிளாஸ்டிக் தேவைப்பட்டது. பித்தளைக்குப் பதில் பீங்கான் ஜாடியைத் தேடிய அம்மாவின் அறிவுதான் இங்கேயும் வேலை செய்கிறது!

எந்தப் பிளாஸ்டிக்?

கடையில் கிடைக்கும் பை, குடம், நாற்காலி ஆகியவற்றின் பிளாஸ்டிக் இதற்கு உதவாது. "பொறியியல் பிளாஸ்டிக்" என்ற உறுதியான வகை இருக்கிறது. நைலான் அந்தக் குடும்பத்தில் மூத்தது. 1935-ல் பிறந்தது. பாலிஃபினைலீன் சல்ஃபைடு என்று இன்னொன்று உண்டு. சுருக்கமாக "பி.பி.எஸ்." என்பார்கள். சுமார் 280 டிகிரி சூட்டில்தான் உருகும். அமிலத்துக்கு அசையாது. அதனுடன் கண்ணாடி நாரைக் கலந்தால் இன்னும் விறைப்பாகும்.

எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள பாத்திரத்தில் தண்ணீர் 1 கிலோ பிடிக்கிறது என்றால், அதே அளவுள்ள இரும்பின் எடை கிட்டத்தட்ட 8 கிலோ. அலுமினியம் 2 கிலோ 700 கிராம். கண்ணாடி நார் கலந்த பி.பி.எஸ். 2 கிலோவைக்கூடத் தொடாது. வண்டியில் ஏற்றும் பொருளுக்கு எடை குறைவது எத்தனை பெரிய லாபம்!

மின்கலத்தில் இந்தப் பிளாஸ்டிக் எங்கெங்கே வருகிறது? அடுக்கின் இரு முனைகளிலும் அழுத்திப் பிடிக்கும் கனமான பலகைகள், வாயுவையும் தண்ணீரையும் பிரித்து அனுப்பும் வாய்க்கால்கள், குழாய்கள், தண்ணீர் பம்பின் பாகங்கள், மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறைகள் - இவையெல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள்.

ஹைட்ரஜன் தொட்டியிலும் பிளாஸ்டிக் புகுந்துவிட்டது. மிராய் கார்த் தொட்டியில் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரப்பப்படுகிறது. அந்தத் தொட்டியின் உள்உறை நைலான்! அதன் மேல் கார்பன் நாரைச் சுற்றியிருக்கிறார்கள். ஹைட்ரஜன் மிகச் சிறிய அணு. சில உருக்கு வகைகளுக்குள் அது நுழைந்து அவற்றை நொறுங்கச் செய்துவிடும். நைலான் உறைக்கு அந்த நோய் இல்லை.

எங்கே முடியாது?

எல்லா இடத்திலும் பிளாஸ்டிக் வென்றுவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது.

மின்கலத்துக்கும் மின்கலத்துக்கும் நடுவே ஒரு தகடு உண்டு. வாயுவைப் பிரித்து வைப்பது இதன் வேலை. ஒரு கலத்தின் மின்சாரத்தை அடுத்த கலத்துக்குக் கடத்துவதும் இதன் வேலைதான். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பென்சிலில் உள்ள கருப்புப் பொருளான கிராஃபைட்டைப் பொடி செய்து, நிறையக் கலந்து, அழுத்தித் தகடு செய்கிறார்கள். அது துருப்பிடிக்காது. ஆனால் மெல்லிய உலோகத் தகட்டைவிடத் தடிப்பானது, எளிதில் உடையக்கூடியது. காரில் இடம் குறைவு. ஆகவே மிராய் காரில் டைட்டானியம் என்ற விலையுயர்ந்த உலோகத் தகட்டையே வைத்தார்கள். வேறு சிலர் எவர்சில்வர்த் தகட்டின் மேல் காப்புப் பூச்சு பூசுகிறார்கள். மறுபடியும் ஈயம் பூசும் கதைதான்!

பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் நாளடைவில் தளர்ந்துவிடும். பாரம் தாங்கித் தாங்கிக் கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்க்காத வீடு உண்டா? மின்கல அடுக்கைப் பல ஆண்டுகள் இறுக்கிப் பிடிக்கவேண்டிய பலகை அப்படித் தளர்ந்தால் வாயு கசியும். ஆகவே எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரிந்து போடவேண்டும்.

ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் பிளாட்டினம் என்ற உலோகமும் மின்கலத்துக்குள் இருந்தே தீரவேண்டும். உலோகம் முற்றிலும் வெளியேறவில்லை. தன் இடத்தில் மட்டும் இருக்கிறது.

அச்சும் விலையும்

உலோகத்தில் ஒரு பாகம் செய்யவேண்டுமானால் வார்க்கவேண்டும், கடைசல் பிடிக்கவேண்டும், துளை போடவேண்டும், மரை போடவேண்டும், மெருகேற்றவேண்டும். பிளாஸ்டிக்கில் வேறு முறை. மணி மணியான பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் பாய்ச்சி, ஆறவிட்டால் துளையோடும் வளைவோடும் பாகம் வெளியே வந்து விழும்.

இந்த வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதா? இல்லை. தோல் செருப்புக்கும் ஷூவுக்கும் அடிப்பாகத்தை அச்சில் வார்க்கும் தொழில் இங்கே நன்றாகப் பழகியது. அச்சின் சூட்டையும் அழுத்தத்தையும் அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. அச்சு செய்ய முதலில் பெரும் பணம் வேண்டும். பத்துப் பாகம் மட்டும் வேண்டும் என்றால் உலோகத்தைக் கடைந்துகொள்வதே மலிவு. பத்தாயிரம் வேண்டும் என்றால் அச்சு மலிவு. ஆகவே மின்கலங்களை நாடு ஆயிரக்கணக்கில் வாங்கினால்தான் பிளாஸ்டிக்கின் லாபம் கைக்கு வரும். மின்கலத்தின் விலை இறங்கினால்தான் நாடு ஆயிரக்கணக்கில் வாங்கும். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான் இது.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசாங்கத்தின் கை தேவைப்படுகிறது. 2023 ஜனவரி 4-ந் தேதி தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கிய தொகை 19 ஆயிரத்து 744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிப்பது நோக்கம். சூரிய ஒளி, காற்று ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதே பசுமை ஹைட்ரஜன். உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதைப் போட்டு ரெயிலை ஓட்டினால், ரெயிலில் புகை இராது; தயாரிக்கும் இடத்தில் இருக்கும்!

நம் நாட்டில்

இந்தியா சும்மா இருக்கவில்லை. 2024 ஜனவரி 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சவ்வு வகை மின்கலம் ஒன்றை இஸ்ரோ அனுப்பியது. விண்வெளியில் அது 180 வாட் மின்சாரம் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் மின்கலப் படகைப் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். 50 பேர் அமரக்கூடிய படகு அது.

தமிழ்நாட்டில் ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து காரைக்குடியில் எழுந்த மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவருகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் மின்கலத்துக்கென்றே தனி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழிலைக் கற்றுத்தர 1968-ல் கிண்டியில் தொடங்கிய "சிப்பெட்" நிறுவனம் இருக்கிறது. தோல் தொழிலுக்கு அடையாறு ஆராய்ச்சி நிலையம் எப்படியோ, அப்படியே பிளாஸ்டிக்குக்குக் கிண்டி. பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வாலாஜாவுக்கு வெகு தொலைவில் இல்லாத பனப்பாக்கத்தில் 9 ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டில் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கார் எந்த எரிபொருளில் ஓடினாலும் அதற்குப் பொறியியல் பிளாஸ்டிக் பாகங்கள் வேண்டும். அச்சு வேலை கற்றவன் ஹைட்ரஜன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாலாறு சொல்லும் எச்சரிக்கை

இத்தனை நன்மைகளைப் பேசும்போது ஒரு பழைய கதையை மறந்துவிடக் கூடாது.

குரோமியம் வந்தபோதும் வரவேற்புதான் கிடைத்தது. தோல் விரைவில் பதமாயிற்று. அயல் நாட்டு வியாபாரம் பெருகிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. கழிவு எங்கே போகும் என்று அப்போது கேட்டவர் குறைவு. அது பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமிய ரசாயனத் தொழிற்சாலை ஒன்று, சுமார் 2 லட்சம் டன் நச்சுக் கழிவை அங்கேயே விட்டுச் சென்றது. தொழிற்சாலை மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆனபின்னும் அதன் கழிவு மூடவில்லை.

வேலூர் மக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. "மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும்" என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. 2025 ஜனவரி 30-ல் அதே வட்டாரத்தின் தோல் கழிவு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு. 28 ஆண்டுகளுக்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மின்கலத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. நடுவில் உள்ள சவ்வு ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக். எளிதில் மக்காத வகை. கண்டபடி எரித்தால் நச்சுப் புகை வரும். இந்த இனப் பொருள்களைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று 2023-ல் ஜெர்மனி உள்ளிட்ட 5 ஐரோப்பிய நாடுகள் யோசனை வைத்தன. கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கையும், கிராஃபைட் கலந்து இறுகிய தகட்டையும் பழைய இரும்பைப் போல எடைக்குப் போட்டு எளிதாக உருக்கிவிட முடியாது. எவர்சில்வர் பாத்திரம் பழசானால் பாத்திரக்காரர் எடுத்துக்கொள்வார். இதை யார் எடுத்துக்கொள்வார்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய பிளாஸ்டிக்கை முடிந்த இடமெல்லாம் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பாகத்திலும் அது என்ன வகை என்று அச்சிலேயே பொறிக்கலாம். மின்கலத்தை விற்றவரே, ஆயுள் முடிந்ததும் அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று விதிக்கலாம். உள்ளே இருக்கும் பிளாட்டினம் விலை மிக்கது. அதற்காகவாவது திரும்ப வாங்குவார்கள். அப்போது சவ்வையும் சேர்த்து வாங்கச் செய்யவேண்டும்.

இவை தொழிற்சாலை கட்டுமுன் எழுதவேண்டிய விதிகள். கட்டி முடித்து, கிணறு கெட்ட பிறகு கோர்ட்டுக்குப் போவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதாகும்.

கரைந்த உலோகம் மின்கலத்தை என்ன செய்யும் என்று விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டறிந்தார்கள். கரைந்த உலோகம் ஓர் ஊரை என்ன செய்யும் என்று பாலாற்றங்கரை மக்கள் தங்கள் கிணற்றிலேயே கண்டார்கள். 1856-ல் முதல் ரெயிலை வரவேற்ற வாலாஜா, நாளைய ரெயிலின் பாகங்களையும் வார்த்துத் தரட்டும். ஆனால் அச்சைத் திறக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் திறக்கட்டும்: "இது பழசானால் எங்கே போகும்?"